மாஸ்டரை மாற்றச் சொல்லி எழுதிய மனு

அன்று காலை சைக்கிள் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்காரர், அவருக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் செருப்புக் கடை பாய், சீருடைச் சட்டைக்குப் பித்தான் போடாமல் தாலுகா ஆபீஸ் பியூன், பெங்களூரிலிருந்து முதல் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு டீ கிளாசோடு வந்த கண்டக்டர், அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு எங்கள் டீம் பிழைத்துக்கொண்டதும், "அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன், யோசனை சொன்னதே நான்தான்" என்று ஓசூரில் முப்பது பேராவது சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பெருமையில் பங்கு கேட்டவர்கள் அவர்கள். எனக்குத் தெரிந்து பாவத்தில் பங்கு கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் டீம் என்கிறேனே தவிர, அது பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் ஃபுட்பால் டீம். அந்த நாளில் ஓசூரில் ஃபேக்டரி என்று ஒன்று கிடையாது. புளி, ராகி, ஆட்டுத்தோல், சந்தை, அவ்வளவுதான். மாதச் சம்பளம் வேண்டுமென்றால் பஸ் ஏறி மைசூர் ராஜ்ஜியத்துக்குள் போகவேண்டும். அந்த மில்லில் எங்கள் பக்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். டீமில் இருந்தது ஒருவர். அந்த ஒருவருக்காகத்தான் ஓசூர் பஸ் ஸ்டாண்டே அந்த டீமைத் தன் டீம் என்று சொல்லிக்கொண்டது. அவர் என் அக்காவின் புருஷன், அந்த டீமின் லெஃப்ட் பேக்.

மேட்ச் நடப்பது சாயங்காலம். ரிசல்ட் எங்களுக்குத் தெரிவது மறுநாள் காலை. கண்டக்டர் ராத்திரி பெங்களூரிலேயே தங்குகிறவர். மேட்ச் பார்த்துவிட்டு, காலையில் வண்டி எடுக்கும்போது முன்பக்கத்து மட்கார்டில் சாக்பீஸால் கோல் கணக்கை எழுதிவிடுவார். இடதுபக்கம் நாங்கள், வலதுபக்கம் எதிராளி. பஸ் ஏரிக்கரை திரும்பும்போதே சைக்கிள் கடைக்காரர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். அவருக்குக் கிட்டப்பார்வை. ஒன்றும் தெரியாது. ஆனாலும் முதலில் சொல்லுவது அவர்தான்.

அன்றைக்கு மட்கார்டில் எழுதியிருந்தது சைபர், மூணு.

"மூணா?" என்றார் கடைக்காரர். "வர்ற வழியில மழைக்குக் கொஞ்சம் அழிஞ்சிருக்கும்பா. மூணுக்கு முன்னாடி நமக்கு நாலு இருந்திருக்கும்."

"நாலு இல்லண்ணா. அவங்க நாலாவது கோல் போடறதுக்குள்ள விசில் ஊதிட்டாங்க," என்றார் கண்டக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. லீகில் மொத்தம் பத்து டீம். சீசன் முடியும்போது கடைசி இரண்டு டீமை ஏ டிவிஷனிலிருந்து பி டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். எங்கள் டீம் அன்றைக்கு ஒன்பதாவது. இன்னும் பாதி சீசன் பாக்கி.

"பி டிவிஷன்னா என்ன, ஜெயிலா?" என்றார் பியூன். "ஒரு வருசம் ஆடிட்டு மறுபடி மேல வந்தா ஆச்சு. நம்ம ஓசூரே மெட்ராஸா மைசூரான்னு அடிச்சிக்கிட்டு இருக்காங்க. ஊருக்கே டிவிஷன் தெரியல, டீமுக்கு என்ன?"

"ஆமாய்யா, ஒனக்கென்ன? எந்த சர்க்கார் வந்தாலும் ஸ்டூலு ஒனக்குத்தான்," என்றார் பாய்.

அவர்களுக்கு அது பேச்சு. எனக்கு அப்படி இல்லை. காரணம் இதுதான்: மாமா மில்லில் நிரந்தர ஆள் இல்லை. பதிலி. யாராவது வராத நாளுக்கு டோக்கன் கொடுத்து உள்ளே விடுவார்கள். சீசன் முடிந்ததும் பெர்மனெண்ட் பண்ணி, லைன் வீட்டில் ஒரு ரூமும் கொடுப்பதாகப் பேச்சு. அக்கா அப்போது ஏழு மாதம். எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அந்த ரூமுக்கென்று ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு அலுமினியப் பாத்திரம், ஒரு அரிவாள்மணை எல்லாம் வாங்கி, நான் வேலை செய்த புளி மண்டியின் சாக்கு ஒன்றில் கட்டி மூலையில் வைத்திருந்தாள். வருவோர் போவோரிடம் எல்லாம், "கொழந்தை பொறந்து மூணாம் மாசம் பெங்களூரு போயிருவோம்" என்று சொல்லுவாள்.

பி டிவிஷனுக்கு இறங்கிய டீமுக்கு மில் எதற்குச் சோறு போடும்? டீமைக் கலைத்துவிடுவார்கள். டீம் இல்லையென்றால் லெஃப்ட் பேக் எதற்கு? லெஃப்ட் பேக் இல்லையென்றால் அந்தச் சாக்கு எங்கே போகும்? எனக்கு எதைப் பார்த்தாலும் அதன் கடைசிப் படிதான் முதலில் கண்ணில் படும். எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். அப்பாவுக்கு இழுப்பு வந்து இரண்டு நாள் படுத்தார். மூன்றாம் நாள் நானே போய் மண்டியில் எடை எழுதும் வேலையைக் கேட்டுவிட்டேன். அப்பா நாலாம் நாள் எழுந்து நடந்தார். நான் பள்ளிக்குத் திரும்பவில்லை.

"குறை ஆளுங்க மேல இல்ல," என்று ஆரம்பித்தார் கடைக்காரர். "ஆட்டம் சொல்லிக்குடுக்கற மாஸ்டர் மேல. அந்த சென்டர் ஃபார்வர்டு கெழவனை இன்னும் வெச்சிருக்காரு. பந்து அவனைத் தாண்டிப் போனப்புறம் காலைத் தூக்கறான்."

"பத்து வருசம் ஆடனவனை எப்பிடிப்பா வெளிய தள்ளறது?" என்றார் பாய்.

"அப்ப கோயில் கட்டி உள்ள உக்கார வைக்கட்டும். எதுக்குக் கிரவுண்டுல நிக்க வைக்கறாரு?"

கண்டக்டர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நேத்து கேலரில கன்னடத்துல கத்தறாங்க, தெலுங்குல கத்தறாங்க, தமிழ்ல கத்தறாங்க. எல்லா பாஷையிலயும் ஒரே வார்த்தைதான். மாஸ்டரை மாத்து."

"கத்துனா மாத்துவாங்களா?" என்றார் பியூன். அவர் குரலே மாறிவிட்டது. "கத்தறதுக்கு சர்க்கார்ல நம்பர் கெடையாது. காயிதம்னா நம்பர் போட்டாவணும். பைல் ஆவணும். பதில் சொல்லியாவணும். மனு போடுங்கப்பா. மில் மேனேஜருக்கு."

எங்கள் பக்கத்தில் எதற்கும் மனு. கிணறு வற்றினால் மனு, கணக்குப்பிள்ளை சரியில்லை என்றால் மனு, காட்டுப் பன்றிக்கு மனு. அதைப் பார்த்துப் பார்த்துப் பியூனுக்கு மனு என்றால் மாரியாத்தா மாதிரி. ஆனால் மேனேஜர் கன்னடக்காரர். ஐந்து பேரும் கன்னடம் பேசுவோம். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். எங்கள் அப்பா என்ன நினைத்தாரோ, என்னைக் கன்னட வகுப்பில் சேர்த்திருந்தார்.

"எழுது தம்பி," என்றார் பாய். "ஒங்க மாமா பொழப்பும் இதுலதானே இருக்குது."

நான் ஒரே ஒரு தடவை, "மாஸ்டர் எங்க அக்கா கல்யாணத்துக்கு வந்தவருங்க" என்றேன்.

"வந்தாரு, சாப்பிட்டாரு. நாம என்ன பந்தியிலேர்ந்தா எழுப்பறோம்? மரியாதையாத்தான் எழுதப் போறோம்," என்றார் கடைக்காரர்.

மாஸ்டர் கல்யாணத்துக்கு வந்தது மட்டுமில்லை. மாமாவைக் கண்டெடுத்ததே அவர்தான். மாமாவுக்குக் குருபரப்பள்ளி. ரோட்டோரத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். கிருஷ்ணகிரியில் ஒரு பண்டிகைக்கு மில்லின் இரண்டாம் டீம் ஆட வந்தபோது ஆள் குறைந்து, உள்ளூர் டீமில் இவரை நிறுத்தினார்கள். வெறுங்காலோடு நின்று அந்தப் பக்கம் ஒரு பந்தைக்கூட விடவில்லையாம். ஆட்டம் முடிந்ததும், பட்டாளத்தில் இருந்த மாஸ்டர் வந்து, கீழே உட்கார்ந்து மாமாவின் பாதத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாராம். மறு வாரம் பெங்களூர். அன்றுமுதல் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் மாமாவின் கணுக்காலுக்குத் துணி சுற்றுவது மாஸ்டர்தான். வேறு யாரையும் சுற்ற விடமாட்டார்.

இதெல்லாம் தெரிந்துதான் எழுதினேன். மண்டியில் கேட்டு வாங்கிய முழுத்தாளில், பியூன் சொல்லச் சொல்ல, "மகா கனம் பொருந்திய" என்று தொடங்கி. சென்டர் ஃபார்வர்டைப் பற்றி ஒரு பத்தி. பயிற்சி போதாததைப் பற்றி ஒரு பத்தி. பியூன், "இன்னும் ஒரு குத்தம் வேணும். மூணு இருந்தாத்தான் மனு நிக்கும்" என்றார். யாருக்கும் மூன்றாவது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. மற்ற டீம்கள் எல்லாம் பூட்ஸ் போட ஆரம்பித்துவிட்ட காலம் அது. எங்கள் டீமில் பாதிப் பேர் வெறுங்கால். மழைச் சேற்றில் வெறுங்காலோடு ஆடவைத்துத் தொழிலாளர்களின் காலுக்கும் டீமின் மானத்துக்கும் பங்கம் விளைவிக்கிறார் என்று எழுதினேன். கன்னடத்தில் அது நன்றாக விழுந்தது. வாசித்துக் காட்டியபோது கடைக்காரர் என் முதுகில் தட்டினார். கிரீஸ் கை. அந்தச் சட்டையில் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

ஐந்து கையெழுத்து போதாது என்று, மறுநாள் சந்தையில் கைநாட்டு வாங்கினோம். பியூன் ஆபீஸ் இங்க் பேடைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ராகி மூட்டையோடு ஜவளகிரியிலிருந்து வந்த ஒரு பெரியவர், "என்னாத்துக்கு சாமி இது, ஆனைக்கா?" என்று கேட்டார். அவர் ராகியில் பாதியை அந்த வருடம் யானை தின்றிருந்தது.

"ஆமாங்க, ஒரு மாதிரி ஆனைதான்," என்றார் பியூன்.

"அப்ப ரெண்டு வெரலும் வெச்சுக்க," என்று அவர் இரண்டு கட்டைவிரலையும் அழுத்திவிட்டுப் போனார். யானைத் தொல்லை உள்ள சானமாவுப் பக்கத்து ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் அறுபதுக்கு மேல் கைநாட்டு. பந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அதில் பத்துப் பேர் இருப்பார்களா என்பது சந்தேகம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை மறைக்க இஷ்டமில்லை.

தபாலில் போட்ட ஒன்பதாம் நாள் கண்டக்டர் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து வந்தார். "மாஸ்டரை அனுப்பிட்டாங்க!"

எங்களுக்கே நம்ப முடியவில்லை. அப்புறம்தான் விவரம் தெரிந்தது. மில்லில் அப்போது கூலித் தகராறு புகைந்துகொண்டிருந்தது. தாள் நிறையக் கைநாட்டைப் பார்த்த மேனேஜர் அத்தனையும் மில் ஆட்களுடையது என்றே நினைத்துவிட்டாராம். கூலியைத் தொடாமல் ஆட்களைச் சமாதானப்படுத்த ஒரு வழி கிடைத்தது. ஒரு மாஸ்டர் போனால் போகிறார். யானைக்கு வைத்த கைநாட்டு அது.

கடைக்காரர் அன்று எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். பியூன் ஒரு வாரம் பித்தான் போட்டுக்கொண்டு நடந்தார்.

புதுக் கோச் வந்தார். வயது குறைவு. காலையில் ஐந்தரைக்கே ஆட்களை ஓடவிட்டார். கிழ சென்டர் ஃபார்வர்டை உட்கார வைத்தார். மூன்றாவதாக ஒரு உத்தரவு போட்டார். மேனேஜர் அவரிடம் மனுவைக் கொடுத்து, ஆட்கள் என்னென்ன கேட்கிறார்களோ அதையெல்லாம் செய் என்று சொல்லியிருந்தார். ஆகவே பதினைந்து நாளைக்குள் எல்லோரும் பூட்ஸ். பூட்ஸ் இல்லாதவனுக்கு இடமில்லை.

அதை மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். "பூட்ஸ் போட்டாவணுமாம் மாப்ளே. எனக்கு அளவே இல்லேங்கறான் பூட்ஸ் கடைக்காரன். இதென்ன காலா, மொறமாங்கறான்." அக்கா சிரித்தாள். மாமாவின் பாதத்தைப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து செருப்புக்கூட அறியாத கால். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மண்ணைப் பிடித்திருக்கும்.

பாயிடம் ஓடினேன். அவர் பெங்களூருக்கு ஆள் அனுப்பி, கணுக்கால்வரை வருகிற பூட்ஸ் ஒரு ஜோடி, இருப்பதிலேயே அகலமானது, வரவழைத்தார். அடியில் தோல் குமிழ் வைத்து ஆணி அடித்தது. பதினெட்டு ரூபாய். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். "குடுக்கறப்ப குடு தம்பி, ஓடியா போற?" என்றார். மாதம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்கினேன். மாமாவிடம், நீங்கள் பெர்மனெண்ட் ஆனதும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொன்னேன். நல்ல மனதோடு வாங்கிக் கொடுக்கிறேன் என்று அவர் நினைத்தார். என் பயத்துக்கு நான் வாங்கிக் கட்டின தாயத்து அது.

இரண்டு வாரம், லீவு கிடைத்த நாளெல்லாம், ஏரிக்கரைக்குக் கீழே உள்ள காலி நிலத்தில் அந்தப் பூட்ஸோடு அவர் ஓடிப் பழகினார். நான் பந்தைப் போட்டுக் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு உதைக்கக்கூடிய பந்து அவரைவிட்டுக் கோணலாகப் போகும். கழற்றும்போது சுண்டுவிரல்களில் தோல் இருக்காது. அக்கா மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போடுவாள். "பந்து எங்கிருக்குதுன்னே தெரியமாட்டேங்குது மாப்ளே," என்பார். "கட்டையால தொடற மாதிரி இருக்குது."

"பழகிரும் மாமா."

"பழகிரும், பழகிரும்."

பூட்ஸோடு அவர் ஆடிய மேட்சுக்கு நான் போனேன். மண்டியில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். நாலணா கேலரி. மழை விட்டு வெயில் அடித்தது. உட்கார இடம் தேடியபோது, தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு தனியாக ஒருவர். மாஸ்டர். தன்னை வெளியே அனுப்பிய டீமின் ஆட்டத்தைக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்திருந்தார். என்னைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் இடம் விட்டார்.

"அக்கா எப்பிடிப்பா இருக்குது? மாசம் நெருங்கிட்டிருக்குமே."

"நல்லாயிருக்குதுங்க."

மாமா மைதானத்துக்குள் வந்தார். மாஸ்டர் முதலில் பார்த்தது காலை. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அவனுக்குக் கண்ணு கால்லதான்பா இருக்குது. எதுக்கு மூடிட்டாங்க?"

"ஐயா, மனுவில் பூட்ஸ் வரியை எழுதியது நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தார். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? ஒரு வேளை சிரித்திருப்பார். நான் என் கையிலிருந்த நிலக்கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் இரண்டு கடலை எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து மாமாவை நோக்கி மெதுவாக உருண்டு வந்தது. எதிராளி பத்தடி தள்ளி இருந்தான். சின்னப் பையன்கூட அதை உதைத்து வெளியே அனுப்பிவிடுவான். மாமா காலை வீசினார். பூட்ஸின் நுனி மண்ணில் குத்தியது. பந்து அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அது கோலுக்குள் போவதைப் பார்த்தார். கேலரியில் எனக்குப் பின்னால் யாரோ தமிழிலேயே, "யார்ரா அவன், மூட்டை தூக்கப் போகச் சொல்லு" என்று கத்தினான். மாஸ்டர் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சட்டம் பேச அவருக்கு அங்கே இடமில்லை என்பது ஞாபகம் வந்திருக்கும்.

அத்தோடு மாமாவை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மேட்சில் வேறு லெஃப்ட் பேக். டீம் ஜெயித்தது. அதற்கடுத்ததிலும் ஜெயித்தது. அது நியாயமான ஜெயிப்புதான். புதுக் கோச்சை நான் குறை சொல்ல முடியாது. காலை பஸ்ஸின் மட்கார்டில் இடதுபக்கத்து எண் பெரிதாக ஆக, சைக்கிள் கடையில் சத்தம் ஏறியது. "பாத்தியா, மனுன்னா மனு!" என்றார் பியூன். நான் தினமும் போய் நின்றேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்று பயம். ஒருநாள் கடைக்காரர், "ஒங்க மாமாவுக்கு என்னாப்பா, காலு சரியில்லையாமே?" என்று கேட்டார். அவருக்கு மெய்யாகவே ஒன்றும் தொடர்பு தெரியவில்லை. பாய் மட்டும் பீடியைக் கீழே போட்டு மிதித்து, தெருவைப் பார்த்தார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பினார். டோக்கன் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு நாளாகிவிட்டது என்பதை என்னிடம் மட்டும் சொன்னார். அக்காவிடம், ரூம் விஷயம் நடந்துகொண்டிருக்கிறது என்றார்.

கடைசி மேட்ச். ஜெயித்தால் எட்டாவது இடம், ஏ டிவிஷன். தோற்றால் பி. மறுநாள் விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டில் ஐம்பது பேர். பஸ் ஏரிக்கரையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. முகப்பில் சாமந்தி மாலை. மட்கார்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு, இரண்டு, சைபர். டிரைவர் ஹாரன் ரப்பரைப் பிசைந்துகொண்டே வந்தார். கடைக்காரர் வெல்லம் வழங்கினார். யாரோ பியூனைத் தோளில் தூக்கினார்கள், அவர், "சட்டை, சட்டை! சர்க்கார் சட்டை!" என்று கத்தினார்.

எல்லோரும் இறங்கின பிறகு, அந்த பஸ்ஸிலிருந்து கடைசியாக மாமா இறங்கினார். கையில் தகர டிரங்குப் பெட்டி. தோளில், கயிற்றால் கட்டிய பூட்ஸ். வெறுங்கால்.

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. நம்ம ஊர் பிளேயர் வந்துட்டாரு என்று மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்கள். வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. மென்று விழுங்கினார். நான் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். கனமே இல்லை.

வீடு போகிற வழியில் சொன்னார். பெர்மனெண்ட் லிஸ்டில் பெயர் இல்லை. பதிலி டோக்கனும் இனிமேல் கிடையாது. ஆடாத ஆளுக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். நேற்று மேட்சைக் கேலரியில் உட்கார்ந்துதான் பார்த்தாராம். "ஜெயிச்சது நல்லதுதான் மாப்ளே," என்றார். "இல்லாட்டி எல்லாரையும் அனுப்பியிருப்பாங்க."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மனுவை எங்ககிட்ட காட்டுனாங்க," என்றார். "டிரெஸ் மாத்தற ரூம்புல ஒட்டி வெச்சிருந்தாங்க. எனக்குக் கன்னடம் படிக்க வராது, ஒனக்குத்தான் தெரியுமே. எழுத்து மட்டும் பாத்தேன். எனக்கு லீவு லெட்டர் எழுதிக் குடுக்கற எழுத்து."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

"நல்ல எழுத்து," என்றார். "அக்காகிட்ட சொல்லாத. அதுக்கு ஒரு தம்பிதான்."

வீட்டுக்குள் போனதும் அக்கா மாலையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்த சாக்கை அவிழ்த்தாள். அரிவாள்மணையை எடுத்து எங்கள் அடுப்படியில் சாய்த்து வைத்தாள். பாத்திரங்களைப் பரணில் கவிழ்த்தாள். ஸ்டவ்வை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். சாக்கை உதறி, மடித்து, "மண்டியில குடுத்துரு" என்று என்னிடம் நீட்டினாள்.

மாமா குருபரப்பள்ளிக்குத் திரும்பி மூட்டை ஏற்றினார். மாஸ்டரைப் பிறகு நான் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து ஓசூரில் ஃபேக்டரிகள் வந்து, மைல் கணக்கில் காம்பவுண்ட் சுவர் எழும்பி, வாசலில் ஆள் எடுத்தபோது மாமாவுக்கு வயது தாண்டியிருந்தது. அவர் ஒரு நாளும் அந்த மனுவைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் நல்லவர், அதனால் எனக்கு அது கிடைக்கவில்லை.

பூட்ஸ் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. மாமா வந்த அந்த மாதத்திலிருந்து நான் பாய்க்குத் தவணை கொடுக்க முடியவில்லை. வீட்டில் சாப்பிட வாய் கூடிவிட்டது. அடுத்த வருடம் கையில் கொஞ்சம் சேர்ந்ததும் மீதியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். செருப்புக்கு வார் வைத்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பார்த்தார்.

"என்னாத்துக்கு தம்பி இது?"

"பூட்ஸ் பாக்கி பாய்."

"பையில வை."

"கடன் பாய்."

"அந்தக் காயிதத்துல ரெண்டாவது கையெழுத்து யாருது?" என்றார். "நாந்தானே ஒன்ன எழுதச் சொன்னேன். ஒங்க மாமா பொழப்பு இதுலதான் இருக்குதுன்னு சொன்னது யாரு? எழுதனவன் நீ, சொன்னவன் நான். இந்தக் காசை வாங்குனா என் பங்கும் ஒன் தலையில வந்து விழும். வாங்க மாட்டேன். அல்லா பாத்துக்கிட்டிருக்கான்."

"அப்ப பாக்கி?"

"பாக்கி பாக்கியாவே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மூன்றாம் தடவை போனபோது கடை பூட்டியிருந்தது. பாய் மௌத்தாகி, பிள்ளைகள் வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். யாரிடம் கொடுப்பது? காசு அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாறியது, சைக்கிள் கடை இருந்த இடத்தில் வேறு கடை வந்தது, மாமா போனார், அக்காவும் போனாள். நான் கொடுக்கவேண்டியது மட்டும் அப்படியே இருக்கிறது: பதினோரு ரூபாய் நாலணா.